போணிக்குப் பிறகு பேசுங்கள்

(ஆரணியில் பட்டுச் சேலை உற்பத்தியாளர், நெசவாளர் குடும்பத்து இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெசவைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஆள் பஞ்சம் கிடையாது. சேவூரில், முள்ளிப்பட்டில், எஸ்.வி. நகரத்தில், தேவிகாபுரத்தில், ஒண்ணுபுரத்தில் எந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்தாலும் பாவைப் பற்றியும் ஜரிகையைப் பற்றியும் பட்டு விலையைப் பற்றியும் பேச்சு நடக்கும். ஆனால் நெய்து முடித்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் பழக்கமில்லாத ஒரு கடைக்குப் போன் போட்டு, "வேணாம்ப்பா, வை" என்ற பதிலைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அப்பா மகனிடம் பேசுவதில்லை, கணவன் மனைவியிடம் சொல்வதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தாத்தா காலத்தில் மறுப்பு நேரில் கிடைத்தது. சேலைகளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, பஸ் ஏறி, சென்னை தியாகராய நகருக்கோ பெங்களூர் சிக்பேட்டைக்கோ போவார்கள். கடை வாசலில் காத்திருப்பார்கள். கடைக்காரர் வேண்டாம் என்றாலும் முதலில் ஒரு சேலையையாவது பிரித்துப் பார்ப்பார். முந்தியைத் தடவிப் பார்ப்பார். சில சமயம் ஒரு காபி வாங்கிக் கொடுப்பார். வந்தவர் வெறுங்கையோடு திரும்பினாலும் மனிதனாகத் திரும்பினார். இன்று உங்களுக்குப் போனில் கிடைக்கும் மறுப்பில் அந்தக் காபி இல்லை. சேலையைப் பார்க்காமலே, முகத்தைப் பார்க்காமலே, பாதிப் பேச்சில் கட் ஆகிறது. ஆகவே முந்தைய தலைமுறையைவிட உங்களுக்கு மனம் மெலிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் வேலை கடினமாகியிருக்கிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போனில் காப்பீடு விற்கிறவருக்கும் மறுப்பு வருகிறது, மனை விற்கிறவருக்கும் வருகிறது. ஆனால் மறுப்பு வந்தால் காப்பீட்டு முகவரின் வீட்டில் எதுவும் தேங்குவதில்லை. உங்கள் வீட்டில் தேங்குகிறது. கடன் வாங்கிக் கோரா பட்டு வாங்கியிருக்கிறீர்கள். முறுக்கு ஏற்றி, சாயம் போட்டு, பாவு ஓட்டி, பிணைத்து, சூரத் ஜரிகை வரவழைத்து, டிசைனுக்கு அட்டை அடித்து, அதன்பிறகு ஒரு குடும்பமே நாள்கணக்கில் குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்து வந்த பொருள் அது. ஒரு கடைக்காரர் "வேணாம்" என்றதும் அந்தச் சங்கிலியில் உள்ள அத்தனை பேரையும் அவர் வேண்டாம் என்றதுபோல உங்கள் காதில் விழுகிறது. போனை வைத்துவிட்டு அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று இங்கே பல இளைஞர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

ஆனால் கடைக்காரர் உங்கள் அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவருக்கு உங்கள் தறி தெரியாது. போன் வந்த நேரத்தில் அவர் கண்முன் இருந்தது தன் கடை அலமாரி, தன் கல்லாப்பெட்டி, தன் பில் புத்தகம். அவர் சொன்ன பதில் அவர் கடையைப் பற்றிய செய்தி. அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளாமல் காயத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

அந்தச் செய்தியை எப்படிப் படிப்பது என்பதற்கு முன்னால், நேரத்தைப் பற்றிக் கொஞ்சம். கடை திறந்து போணி ஆவதற்கு முன்னால் கடைக்காரரைக் கூப்பிடாதீர்கள். முதல் வியாபாரம் ஆகாத கடையில், பணம் வெளியே போகிற பேச்சை எடுத்தால் எவ்வளவு நல்ல மனிதருக்கும் முகம் சுளிக்கும். அந்த நேரத்தில் கிடைத்த மறுப்பைச் சேலைக்குக் கிடைத்த மறுப்பாகக் கணக்கில் எழுதக் கூடாது. முகூர்த்த நாளுக்கு முந்தைய நாட்களில் மாலை நேரம் வேண்டாம். கடையில் கல்யாண வீட்டார் கும்பலாக உட்கார்ந்திருப்பார்கள். ராகு காலம் பார்க்கிற முதலாளி யார் என்று தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதில் உங்களுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, அவருக்கு இருக்கிறது. போணி ஆகி, கூட்டம் வருவதற்கு முன்னால் ஓர் இடைவெளி எல்லாக் கடைகளிலும் உண்டு. எந்தக் கடைக்கு எந்த நேரம் என்று தெரிந்துகொள்வது தொழில். விஜயவாடாவுக்கோ திருப்பதிக்கோ பேசுகிறவர்கள், வீட்டில் தெலுங்கு தெரிந்தவர் இருந்தால் அவரைப் பேச விடுங்கள். ஆரணியில் தெலுங்கும் சௌராஷ்டிரமும் பேசுகிற வீடுகள் இருக்கின்றன, அந்தச் செல்வத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இனி, கடைக்காரர் வாயில் வருகிற மறுப்புகள். இவை உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

"ஸ்டாக் இருக்குப்பா." இது பெரும்பாலும் உண்மை. இதைக் கேட்டதும் "பரவாயில்லைங்க" என்று வைத்துவிடாமல், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த ரேஞ்சுல இருக்குங்க, எது தீர்ந்திருக்கு?" பட்டுக் கடையில் எல்லா விலையும் ஒரே நேரத்தில் நிறைந்திருக்காது. கனமான கல்யாணச் சேலை தேங்கியிருக்கும், வரவேற்புக்குக் கட்டுகிற லேசான சேலை தீர்ந்திருக்கும். ஆரணிப் பட்டின் பலமே அந்த லேசான சேலைதான். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். காஞ்சிபுரத்துக்குத் தனியாக இருக்கிறது, நமக்குத் தனியாக இருக்கிறது. அப்படியிருக்க, "காஞ்சிபுரம் மாதிரியே இருக்கும்ங்க" என்று சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கிறவர்களைப் பார்க்கிறேன். அப்படிச் சொன்னதும் கடைக்காரர் மனதில் உங்கள் சேலை மலிவான நகலாக உட்கார்ந்துவிடுகிறது. மறுப்பை நாமே எடுத்துக் கையில் கொடுக்கிறோம். ஆரணிச் சேலை என்று சொல்லி விற்கப் பழகுங்கள்.

"ரேட் ஜாஸ்தி." இதைச் சொல்கிறவர் கடையை மூடவில்லை, திறந்து வைத்திருக்கிறார். வாங்கவே விருப்பமில்லாதவர் விலையைப் பற்றிப் பேச மாட்டார். ஆனால் உடனே விலையைக் குறைத்துவிடாதீர்கள். எதோடு ஒப்பிட்டு ஜாஸ்தி என்று சொல்கிறார் எனக் கேளுங்கள். விசைத்தறியில் வந்த கலப்புச் சேலையோடு ஒப்பிட்டால் நீங்கள் என்ன குறைத்தாலும் அந்த விலைக்குப் போக முடியாது, போகவும் கூடாது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களில் பட்டுச் சேலையும் ஒன்று. பட்டுக்கு 2004-லிருந்து சில்க் மார்க் இருக்கிறது, கைத்தறிக்கு 2006-லிருந்து கைத்தறி முத்திரை இருக்கிறது. இந்தச் சீட்டுகளைச் சேலையில் தைத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. போனில் பேசும்போது அதை வாயால் சொல்ல வேண்டும்.

"ஆடி போகட்டும்." இது மறுப்பே இல்லை, தேதி. நோட்டில் எழுதுங்கள். ஆவணி பிறப்பதற்குப் பத்து நாள் முன்னால் கூப்பிடுங்கள். "ஆடி போகட்டும்னு சொன்னீங்க, கூப்பிடறேன்" என்று ஆரம்பித்தால் அவர் சொன்ன வார்த்தையை நீங்கள் மதித்ததாக ஆகிறது. மார்கழியும் அப்படித்தான். நம்மில் பலர் ஆடியில் கூப்பிட்டுத் திட்டு வாங்கிவிட்டு, ஆவணியில் பயந்துகொண்டு கூப்பிடாமல் இருந்துவிடுகிறோம். அந்த இடைவெளியில் வேறு ஒருவர் மூட்டையைப் பிரித்துவிடுகிறார்.

"முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்." இதைச் சொன்னவருக்கு வாங்குகிற அதிகாரம் இல்லை. அவரை விரட்டிப் பயனில்லை. முதலாளியோ பர்ச்சேஸ் பார்க்கிறவரோ எப்போது இருப்பார் என்று மரியாதையாகக் கேளுங்கள். சொன்னவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் உங்களுக்காக உள்ளே ஒரு வார்த்தை சொல்வார்.

"போட்டோ அனுப்புங்க." இது இரண்டு வகை. பேச்சை முடிப்பதற்காகச் சொல்வது ஒன்று, உண்மையாகவே பார்க்க விரும்பிச் சொல்வது மற்றொன்று. வித்தியாசம் தெரிய வேண்டுமானால், "எந்த மாதிரி பார்டர் அனுப்பட்டும்ங்க?" என்று கேளுங்கள். விருப்பமுள்ளவர் பதில் சொல்வார். ஐம்பது படங்களைக் கொட்டாதீர்கள். ஐந்து போதும், பகல் வெளிச்சத்தில் எடுத்தது, முந்தியும் உடலும் பார்டரும் தெரிய எடுத்தது. கொரோனாக் காலத்தில் கடைகள் மூடிக் கிடந்தபோது இந்த ஊர்ப் பெண்கள் பலர் வாட்ஸ்அப் வழியாக விற்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களிடம் இந்த வித்தையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, இதை மறுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "வேணும்னா வச்சிட்டுப் போங்க, வித்தா காசு தரேன்." கேட்டதும் மனம் குளிர்ந்துவிடுகிறது. நாலு இடத்தில் அடிபட்டு வந்தவருக்கு இது பெரிய வெற்றியாகத் தெரிகிறது. நான் உறுதியாகச் சொல்வேன்: பல தறிகள் நின்றுபோனதற்கு நேரடி மறுப்பைவிட இப்படிப்பட்ட சம்மதங்கள்தான் காரணம். உங்கள் பணத்தில் வாங்கிய பட்டு, உங்கள் கூலியில் நெய்த சேலை, அவர் அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கும். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை மடிந்த இடத்தில் முறியும். சீசன் முடிந்ததும், பத்துப் பேர் பிரித்துப் பார்த்து மடித்த சேலை உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும். அதை இன்னொரு கடை புதுச்சேலை விலைக்கு வாங்காது. மறுப்பைக் கண்டு பயந்தவர்தான் இந்த வலையில் விழுகிறார். "இல்லை" என்ற பதிலைக் கேட்கத் திடம் உள்ளவருக்கு, "பாதிக்காவது பில் போடுங்க, இல்லாட்டி எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்ல வாய் வரும். மறுப்பைத் தாங்குகிற பயிற்சி எதற்கு என்று கேட்டால், முதலாவதாக இதற்குத்தான்.

மனம் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு ஆராய்ச்சி உண்டு. 2003-ல் நவோமி ஐசன்பெர்கர், மாத்யூ லீபர்மன், கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் திரையில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுவதுபோல ஓர் ஆட்டம். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்வார்கள். சோதனைக்கு வந்தவருக்குப் பந்தே வராது. அவ்வளவுதான் நடந்தது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அப்போது மூளையைப் படம் எடுத்துப் பார்த்தால், உடம்பில் வலி வரும்போது ஏற்படும் வேதனையோடு தொடர்புள்ள பகுதி ஒன்று வேலை செய்தது. முன்பின் தெரியாதவர் ஒரு விளையாட்டில் ஒதுக்கினாலே இப்படி என்றால், வீட்டுக் கடன் சம்பந்தப்பட்ட ஒரு போனில் ஒதுக்கப்பட்டால் வலிக்காமல் இருக்குமா? ஆகவே வலிப்பதற்காக வெட்கப்பட வேண்டாம். வலித்த பிறகு நமக்கு நாமே என்ன சொல்லிக்கொள்கிறோம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தை அளந்து பார்த்தவர் மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1980-களில் மெட்ரோபாலிடன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம் அவரிடம் வந்தது. ஆண்டுதோறும் சுமார் 5,000 முகவர்களை எடுப்பார்கள். ஓராண்டுக்குள் பாதிப் பேர் வேலையை விட்டுவிடுவார்கள். காரணம், நாள் முழுக்கப் போனில் கேட்கிற மறுப்பு. கெட்டது நடந்தால் அதற்கு என்ன காரணம் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதைச் செலிக்மன் சோதித்தார். சிலர் "என் தப்பு, எப்போதும் இப்படித்தான், எதிலும் இப்படித்தான்" என்று காரணம் சொன்னார்கள். சிலர் "இன்றைக்கு அவர் அவசரத்தில் இருந்தார்" என்றார்கள். இரண்டாவது வகையினர் முதல் இரண்டு ஆண்டுகளில் 37 விழுக்காடு அதிகம் விற்றார்கள். நிறுவனம் வைத்த வழக்கமான தேர்வில் தோற்று, ஆனால் இந்தச் சோதனையில் மிக நன்றாக வந்த ஒரு குழுவையும் அவர் வேலைக்கு எடுக்கச் செய்தார். தேர்வில் தேறி வந்தவர்களில் மனம் தளர்ந்து காரணம் சொல்லும் வகையினரைவிட, இந்தத் தோற்ற குழு முதல் ஆண்டில் 21 விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் 57 விழுக்காடும் அதிகம் விற்றது.

இதைக் கேட்டுவிட்டு, என்ன நடந்தாலும் "அவர் அவசரத்தில் இருந்தார்" என்று சொல்லிக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் காப்பீட்டு முகவர் விற்ற பாலிசியை அவர் தயாரிக்கவில்லை. நீங்கள் விற்பது நீங்கள் நெய்தது. சாயம் விட்டது என்று மூன்று கடைகள் சொன்னால், மூன்று பேரும் அவசரத்தில் இல்லை, சாயம் விட்டிருக்கிறது. அதைச் சாயப் பட்டறையில் போய்ப் பேச வேண்டும். "எப்போதும்", "எதிலும்" என்ற இரண்டு சேர்மானங்களைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். இந்தச் சேலையில் இந்தக் குறை, இந்தக் கடையில் இந்த மாதம் இந்த நிலை. அந்த அளவோடு பேச்சு நிற்கட்டும்.

இன்னோர் ஆய்வும் உங்களுக்குப் பயன்படும். டேனியல் நியூவார்க், பிரான்சிஸ் ஃப்ளின், வனெசா போன்ஸ் என்பவர்கள் 2014-ல் வெளியிட்டது. முன்பின் தெரியாதவரிடம் ஓர் உதவி கேட்டு மறுக்கப்பட்டவர்கள், அதே ஆளிடம் இரண்டாவதாக வேறு ஓர் உதவி கேட்டால் மறுபடியும் மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால் அவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் சம்மதித்தார்கள். ஒருமுறை இல்லை என்று சொன்னவருக்கு மறுபடியும் இல்லை என்று சொல்லக் கூச்சம் வருகிறது. சின்ன உதவிக்கும் பட்டுச் சேலைக்கும் நிறைய தூரம் இருக்கிறது, தெரியும். ஆனாலும் வேண்டாம் என்ற கடையின் எண்ணை அழித்துவிடுகிற பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அந்த எண்ணை அழிக்காதீர்கள். வேறு சேலையோடு, வேறு மாதத்தில், முதலில் சொன்ன காரணத்துக்குப் பதிலோடு கூப்பிடுங்கள்.

நம் ஊரில் இதற்கெல்லாம் அடியில் வேறொரு கூச்சமும் இருக்கிறது, அதை ஆராய்ச்சி தொடுவதில்லை. வள்ளுவர் இரவு, அதாவது இரத்தல், என்று ஓர் அதிகாரம் எழுதி, அதற்கு அடுத்தே இரவச்சம் என்று இன்னோர் அதிகாரம் எழுதினார். ஒருவரிடம் போய்க் கேட்பது நம்மை ஒரு படி கீழே இறக்கும் என்ற உணர்ச்சி நம் வளர்ப்பில் கலந்திருக்கிறது. நெசவாளர் வீட்டில் இது இன்னும் அதிகம். வேலையில் குறை சொல்ல விடாதவர்கள், யாரிடமும் போய் நிற்கப் பிடிக்காதவர்கள். அதனால்தான் போனை எடுத்ததும் குரல் இறங்கிவிடுகிறது. "தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோங்க சார்" என்று தொடங்குகிறோம். நீங்கள் எந்தத் தானமும் கேட்கவில்லை. பட்டுக் கடை நடத்துகிறவருக்குச் சேலை வேண்டும், உங்களிடம் சேலை இருக்கிறது. விற்பது இரத்தல் ஆகாது.

இதைச் சொல்லிக் காட்டாமல் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. 1953-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர் வீடுகளில் பட்டினி நிலவிய நேரத்தில், அறிஞர் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். அவர் இயக்கத்தின் மற்றத் தலைவர்களும் வெவ்வேறு ஊர்களில் விற்றார்கள். காஞ்சிபுரத்தில் நெசவு செய்யும் சமூகத்தில் பிறந்தவர் அண்ணா. அதற்கும் முன்னால், 1935-ல், இன்று நாம் கோ-ஆப்டெக்ஸ் என்று சொல்கிற கூட்டுறவு நிறுவனம் நெசவாளர் சங்கங்களின் துணியைச் சந்தைக்குக் கொண்டுபோகத் தொடங்கப்பட்டது. காஞ்சிபுரத்து நெசவாளரான நல்லி சின்னசாமி செட்டியார் 1928-ல் தியாகராய நகரில் கடை வைத்தார். நெய்கிறவன் விற்கக் கூடாது என்று எந்தக் காலத்திலும் எழுதி வைக்கவில்லை.

புலவர்களுக்கும் மறுப்பு நேர்ந்திருக்கிறது. பெருஞ்சித்திரனார் என்ற புலவர் வறுமையோடு இளவெளிமான் என்ற சிற்றரசனிடம் போனார். அவன் புலவரின் தகுதிக்குக் குறைவாக ஏதோ கொடுத்தான். அதை வாங்காமல் குமணன் என்ற வள்ளலிடம் போய் யானையைப் பரிசாகப் பெற்று, அந்த யானையைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டுப் போனார். புறநானூற்றில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை. குறைவானதை வாங்க மறுத்தார் பாருங்கள், அந்தத் துணிவை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். யானையைக் கட்டிய வேலையை மட்டும் அவரோடு விட்டுவிடுங்கள். ஒரு பெரிய கடையில் ஆர்டர் கிடைத்ததும், முன்பு மறுத்த கடைக்காரருக்குப் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்புகிற ஆசை வரும். புலவர் அந்த மரத்தடிக்குத் திரும்ப வர வேண்டியதில்லை. நாம் அதே கடைக்குத் தையில் போக வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்றும் சொல்லிவிடுகிறேன். "இனிமே கூப்பிடாதீங்க" என்று ஒருவர் சொன்னால் அதோடு முடிந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டு, நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். விடாமுயற்சி என்ற பெயரில் ஒருவரை நச்சரிப்பது நம் ஊர்ப் பெயரைக் கெடுக்கும். கடைகளை விட்டுவிட்டு நேரடியாக வீடுகளுக்கு விற்க ஆசைப்படுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். யாரோ விற்கிற போன் நம்பர் பட்டியலை வாங்கி வரிசையாகக் கூப்பிடாதீர்கள். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்தவர்களைக் கூப்பிடுவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளுக்கு எதிரானது. புகார் போனால் உங்கள் இணைப்பே துண்டிக்கப்படலாம். மோசடி அழைப்புகளால் இன்று ஜனங்கள் தெரியாத எண்ணைப் பார்த்தாலே எடுப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே சேலை வாங்கிய ஒருவர் சொல்லி வருகிற அடுத்த வீட்டுக்குப் பேசுங்கள். மெதுவாக வளரும், நிலைத்து நிற்கும்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. போனில் விற்கும்போது சேலையை விட்டுவிட்டு உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மறுப்பு என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். அதைத் தாங்கப் பழக வேண்டிய அவசியம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. அப்போதே வையுங்கள், எண்ணைத் தடுத்துவிடுங்கள், வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்கள், "அதுக்குத்தான் வேணாம்னேன்" என்று சொல்லாமல் இருக்க வேண்டும்.

முக்கியமான விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதற்கு உங்களில் சிலர் கோபப்படலாம். கடைக்காரர் சொன்ன மறுப்பு உங்களோடு நிற்பதில்லை. அது கீழே இறங்குகிறது. சனிக்கிழமை கூலி வாங்க வருகிற நெசவாளரிடம், "சேலை போகலப்பா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்கிறோம். சில நேரம் அதோடு நிறுத்துவதில்லை. "நீ நெய்யறது சரியில்ல, கடையில திருப்பிட்டான்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிடுகிறோம். கடைக்காரர் நெசவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஸ்டாக் இருக்கிறது என்றார், அவ்வளவுதான். நமக்கு வலித்த வலியை, திருப்பிக் கேட்க முடியாத ஒருவர் தலையில் இறக்கி வைக்கிறோம். அவர் வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்வார்? அவருக்குப் போன் நோட்டும் இல்லை, அடுத்த கடையும் இல்லை. மகனைப் பெங்களூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடுகிறார். நம் தறிகளில் அடுத்த தலைமுறை உட்காராததற்குக் கூலி குறைவு முதல் காரணம், அதை நான் மறுக்கவில்லை. இந்த வார்த்தைகளும் ஒரு காரணம்.

நெய்த சேலைக்கு நெசவாளர் தன் பங்கைச் செய்து முடித்துவிட்டார். அது விற்குமா என்ற பொறுப்பை ஏற்றுக்கொண்டுதான் நாம் உற்பத்தியாளர் என்று பெயர் வைத்துக்கொண்டோம், லாபமும் எடுக்கிறோம். ஆகவே சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே போக வேண்டும். அதற்கு ஏற்ற அளவு பாவு கொடுங்கள். கடைகளின் நிலை மோசமாக இருந்தால் அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லி, அடுத்த பாவைத் தள்ளிப் போடுங்கள். கடைக்காரர் நெசவில் உண்மையாகவே குறை சொல்லியிருந்தால், அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு நெசவாளர் வீட்டுக்குப் போய், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடம் என்று விரித்துக் காட்டுங்கள். பாராட்டியிருந்தாலும் போய்ச் சொல்லுங்கள். "அந்தக் கிளிப்பச்சை டபுள் சைடு சேலை, சிக்பேட்டைக்காரர் கையிலயே வச்சிக்கிட்டிருந்தாராம்" என்று ஒரு நெசவாளரிடம் சொல்லிப் பாருங்கள். கடைகளில் கேட்டு வந்ததை எழுதுகிற நோட்டில், ஒவ்வொரு சேலைக்கும் பக்கத்தில் அதை நெய்தவர் பெயரையும் எழுதி வையுங்கள், யாரிடம் போய் எதைச் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

நேரமாகிறது, நெசவாளர்கள் தறிக்குத் திரும்ப வேண்டும். கேள்வி இருப்பவர்கள் முன்னால் வாருங்கள். கடையில் கேட்ட பதிலைச் சொன்னபடியே சொல்லுங்கள், அதில் என்ன செய்தி இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.